கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர்

சத்தியமாகப் புவனா கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினாள். மாரியம்மன் கோயில் வாசலில் நட்டிருக்கும் கம்பம் என்ன லேசுப்பட்ட மரமா? திருவிழா முடியும்வரை ஆத்தாளுக்குப் புருஷனாக நிற்கிற மரம். அதற்கு விடிகாலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது எந்தப் பெண்தான் கண்ணைத் திறந்துகொண்டிருப்பாள்? அதன் பின்னால் ஓர் ஆள் குத்தவைத்திருப்பான் என்று அவள் கனவா கண்டாள்?

ஒரு குடம் தண்ணீரும் அவன் தலையில்...

"ஐயையோ! ஏனுங்க, இங்க எதுக்குங்க வந்து உக்காந்தீங்க?"

காதுகளைப் பொத்தியிருந்த கைகளை மெல்ல எடுத்தான். நிமிர்ந்தான். இமையெல்லாம் ஈரம்... அதற்குள்ளே தூக்கம் கண்டு நாளான இரண்டு கண்கள். திட்டுவதற்குத் திறந்த வாயைப் புவனா மூடிக்கொண்டாள்.

"தப்பட்டை அடிச்சாங்களா... பொசுக்குனு பயந்துபோட்டேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"போச்சு போ!" முத்தாத்தாள் இடுப்புக் குடத்தோடு வந்து நின்றாள். "கம்பத்துக்கு ஊத்தறதை என்ற தங்கச்சி பையனுக்கு ஊத்திப்போட்டயா அம்மணி?"

கூட வந்த பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். புவனாவுக்கு... அடடா, அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது!

அவன் பெயர் தம்பிதுரை. அவிநாசியில் பஸ் டிரைவராக இருந்தவன். போன ஐப்பசி மழையில் அவன் ஓட்டிய பஸ் கவிழ்ந்து, கூடவே வளர்ந்த கண்டக்டர் சின்னான் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்குகிறது. திடுமென்று சத்தம் கேட்டால் ஒடுங்கிப்போகிறான். கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். பெரியம்மா முத்தாத்தாளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று அன்னூர்ப் பக்கத்து இந்த ஊருக்கு வந்தவன், கம்பம் நட்ட ராத்திரி தங்கிவிட்டான். தீர்ந்தது கதை. அப்படித் தங்கியவர்கள் கம்பம் எடுக்கும்வரை வேறு ஊரில் ராத்தங்கக் கூடாது என்பது கட்டுப்பாடு.

இந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மனசில் கிடப்பதை வாய்விட்டுச் சொல்லலாம். புருஷன் அடித்தது, பிள்ளை செத்தது, எதுவானாலும் சரி. கேட்டவர்கள் கம்பம் எடுக்கும்வரை அதற்குப் பதில் சொல்லக் கூடாது. புத்திமதி கூடவே கூடாது. பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான்.

"மாத்திரையும் முழுங்கு, ஆத்தாகிட்டயும் சொல்லு கண்ணு. ரெண்டும் வேணும்" என்று முத்தாத்தாள் அவனை அடிபம்பில் குடம் நிரப்ப வைத்தாள். தப்பட்டைக்கார மாரப்பனிடமும் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அவர் முதல் அடிக்கு முன்னால் குச்சியைத் தூக்கித் தம்பிதுரைக்குக் காட்டுவார். அவன் தலையாட்டிய பிறகுதான் அடி விழும்.

"ஏனுங்க, பாதிக் குடந்தான் இருக்குது. சம்பளத்தப் புடிச்சுப்போடுவோமுங்க!" என்பாள் புவனா.

"நீங்க மொதல்ல கண்ணத் தொறந்து ஊத்துங்க அம்மணி..."

சிரித்துவிடுவான். சிரிக்கும்போது அந்தக் கண்கள்... யப்பா! மகள் தினமும் முதல் ஆளாகக் கோயிலுக்கு ஓடுவதற்குப் பக்திதான் காரணம் என்று புவனாவின் அம்மா நம்பினாள். பாவம்.

ஒரு நாள் காலையில் தூறல் விழுந்தது. தம்பிதுரை தானாகவே ஒரு குடத்தைத் தூக்கினான்.

"அன்னைக்கும் மழைதானுங்க ஆத்தா... மெதுவாப் போடான்னு சின்னான் சொன்னான். நான் கேக்கலை..." தோள் குலுங்க அழுதான்.

புவனாவால் தாங்க முடியவில்லை. "உங்க மேல தப்பில்லீங்க! எல்லாம் விதி. மறந்துபோடுங்க!"

பெண்கள் விக்கித்துப் போனார்கள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க அந்த பஸ்ஸுல இருந்தீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டான். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனவன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"இனி வாயே தொறக்க மாட்டான் போலிருக்குது அம்மணி" என்று முத்தாத்தாள் கண்ணைத் துடைத்தாள். "கம்பம் எடுத்தா அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பறானாமா."

நல்லது சொல்வதாக நினைத்து, ஒரு மனுஷன் அரும்பாடுபட்டுத் திறந்த வாயை அடைத்துவிட்டேனே! புவனாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா? ஊர் என்ன சொல்லும்? எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டுவிட்டானே என்ற ரோஷம் வேறு...

கடைசிக் காலை. பெரியம்மா இழுத்து வந்ததால் தம்பிதுரை தலைகுனிந்தபடி அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தான். புவனா குடத்தைத் தூக்கினாள்.

"ஆத்தா... ஒருத்தரு மனசத் தொறந்து பேசறப்ப நடுவுல பூந்து பேசிப்போட்டேன். அவரு அழுகறதப் பாக்க எனக்குத் தாங்கலை. என்ற சங்கடம் தீரணும்னு அவரு வாய அடைச்சுப்போட்டேன்... ஏன் தாங்கலைன்னா... அவர எனக்குப் புடிச்சிருக்குது. அவரு தேறுனாலும் சரி, தேறாட்டியும் சரி. அவரு சொல்றதக் கேட்டுட்டு நான் பக்கத்துல இருக்கோணும்."

அடிபம்பின் சத்தம் நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை. கட்டுப்பாடு ஆயிற்றே... அவனும் திறக்கவில்லை. அந்த நேரத்தில் புவனா பட்ட பாடு ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். மறுநாள் மஞ்சள் நீராட்டு. கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள் மேல்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். தெருவெல்லாம் ஒரே துரத்தல். அவிநாசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. புவனா வாசலில் நின்று அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் பேசலாமுங்களா?"

திரும்பினாள். தம்பிதுரை. கையில் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர்.

"கம்பந்தான் எடுத்தாச்சுங்களே..." என்றாள்.

"எனக்கு இன்னும் சரியாகலீங்க. தூக்கம் வரமாட்டேங்குது. மறுபடி பஸ் ஓட்டுவனான்னும் தெரியலை. சின்னானப் பத்திப் பாதிகூடச் சொல்லி முடிக்கலை... மீதிய உங்ககிட்டச் சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க. குறுக்க பேச மாட்டேன்..."

"அப்பப்பக் கொஞ்சம் பேசுங்க." அதே சிரிப்பு! "உங்கள எனக்கும் புடிச்சிருக்குதுங்க. முறை வருதான்னு பெரியம்மாகிட்டக் கேட்டுப்போட்டேன். வருதாமா. உங்கப்பாகிட்ட அவங்க பேசிட்டிருக்காங்க... ஊத்தட்டுங்களா?"

தெருமுனையில் மாரப்பன் குச்சியைத் தூக்கிக் காட்டினார். தம்பிதுரை தலையாட்டினான். தப்பட்டை அதிர்ந்தது. அவன் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

மீதியைப் புவனாவின் தலையில் ஊற்றினான். இந்த முறை அவள் கண்ணை மூடவே இல்லை.