தொண்டைக்கு ஏறிய குடல்

வாயில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஐலிஃபின் மார்புக்குள் ஏதோ ஒன்று ‘மடக்’கென்று விழுங்கியது.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். மேசையில் மீன் சூப் ஆறிக்கொண்டிருந்தது. சூரியனே எழாத வடகோடியின் டிசம்பர் மாதத்துப் பகல் ஜன்னலுக்கு வெளியே கன்னங்கரேலென்று கிடந்தது.

போன கிறிஸ்துமஸுக்குக் காய்ந்த மீனை ஊறவைக்க, சதையை அரிக்கும் காரநீர் கரைத்தவன் அவன்தான். மிச்சத்தைக் காலிச் சாராயப் பாட்டிலில் ஊற்றி நிலவறையில் வைத்தவனும் அவன்தான். விருந்தன்று அதே பாட்டிலைச் சாராயமென்று திறந்து ஒரே மூச்சில் குடித்த புத்திசாலியும் அவனே. உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்துபோயின. இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, பல மாதம் சிறுகுடலில் சொருகிய குழாய் வழியாகவே ஆகாரம் கொடுத்தார்கள். பிறகு அவனுடைய பெருங்குடலில் ஒரு துண்டை மார்பெலும்புக்குப் பின்னால் மேலே இழுத்துத் தொண்டையோடு தைத்தார்கள்.

அது தானாக அசைகிறது என்று அவன் சொன்னபோது, குடலென்றால் அசையத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சிரித்தார். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியதும் சிரிப்பு நின்றது.

“இதையும் எடுத்துட்டா, வேற வைக்க உங்ககிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. இதுதான் கடைசி.”

உன் குடலுக்கு உன்னைவிட நல்ல பசி என்று மனைவி போர்கில் கேலி செய்வாள். அந்தக் கேலிக்கு அடியில் அழுகை இருப்பது அவனுக்குத் தெரியும். எலும்பும் தோலுமாக இருக்கிறாய், இன்றைக்காவது கிண்ணத்தைக் காலி செய் என்று சொல்லிவிட்டுத்தான் வாசலில் பனி தள்ளப் போயிருந்தாள்.

அடுப்பில் ஈர விறகு புகைந்த வாசனையும், வெளியே மண்வாரி கல்லில் உரசும் ஓசையும், சுவரில் தன் நிழல் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதும் அவனைச் சுற்றி இருக்க, எச்சில் மொத்தமும் வற்றிப்போன வாயோடு அவன் அசையாமல் காத்திருந்தான்.

மடக்.

கன்னங்கள் உள்ளே ஒட்டின. நாக்கின் வேர் சுண்டியது.

தீனி போட்டால் விட்டுவிடும். சூப்பை அப்படியே கவிழ்த்துக் குடித்தான். போனது. முழுவதும் போனது. நிற்கவில்லை.

மடக். மடக்.

போர்கிலைக் கூப்பிட வாய் திறந்தான். குரல் வரவில்லை. நாக்கு பின்னால் போய்க்கொண்டிருந்தது. விரல்களை விட்டு அதன் நுனியைப் பிடித்தான். வழுக்கியது. உள்ளே சூடு. விரல்களைச் சுற்றி ஏதோ இறுகியது.

கதவு திறந்தது. போர்கில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினாள். அவன் முதுகுக்குப் பின்னால் வந்து காலிக் கிண்ணத்தை எடுத்தாள்.

“அப்பாடா. முழுசா சாப்பிட்டுட்டியா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?”

அவன் திரும்பினான். வலது கை மணிக்கட்டு வரை வாய்க்குள் இருந்தது.

மடக்.

சட்டைக் கை உதட்டைத் தாண்டி உள்ளே நகர்ந்தது.