யாருடைய மயக்கம்

சுகந்தி டீச்சர் பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பில் ஒருவரும் பதறவில்லை. முன் பெஞ்சுப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீச்சரின் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"உங்க வீட்டு சாருக்கு ரத்தம் எடுத்துட்டாங்களாட்ட இருக்குதுங்க மிஸ்," என்றாள்.

"ஆமா கண்ணு. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும். நீங்க அடுத்த கணக்கப் போடுங்க," என்றாள் சுகந்தி, கண்ணைத் திறக்காமலே.

அதே நேரத்தில் கோவையின் மறுகோடியில், குருதி இறக்கு நிலையத்தின் படிகளில் அவள் கணவன் யுவராஜ் துள்ளி இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு பை ரத்தம் சற்றுமுன்தான் அவன் உடம்பை விட்டுப் போயிருந்தது. முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது, வாயில் பாட்டு இருந்தது. கைப்பேசி அடித்தது.

"ஏனுங்க, மோர் குடிச்சீங்களா?" சுகந்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"அட, மறந்தே போச்சு அம்மிணி. இதோ."

"குடிங்க. நீங்க குடிச்சாத்தான எனக்குத் தெளியும்."

அந்தக் காலத்தில் இந்தப் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

யுவராஜின் உடம்புக்கு இரும்பை வெளியே தள்ளத் தெரியாது. சாப்பாட்டில் வருவதையெல்லாம் ஈரலிலும் இதயத்திலும் பதுக்கி வைத்துக்கொள்ளும் பரம்பரைக் கோளாறு. எல்லாம் மாறிவிட்ட காலத்திலும் அதற்கு வைத்தியம் மட்டும் மாறவில்லை. ரத்தத்தை எடுத்துக் கொட்டினால் அதோடு இரும்பும் போகும், அவ்வளவுதான். தொடக்கத்தில் வாரம் தவறாமல் எடுத்தார்கள். எடுத்த நாளெல்லாம் தலை சுற்றும், காது இரையும், எழுந்தால் கண் இருட்டும். அவனுக்கோ பம்ப்செட் விற்று மாட்டிக்கொடுக்கிற வேலை. ஒருமுறை கிணத்துக்கடவுப் பக்கம் கிணற்று மேட்டில் நின்றபடியே கண் இருட்டிச் சாய்ந்தான். தோட்டக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான்.

அந்த வாரமே ஏந்துபட்டை வாங்கினார்கள்.

ஏந்துபட்டை என்பது ஒரு ஜோடி. கட்டைவிரல் அகலத்தில் இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் ஒருவர் பிடரியில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு தன் அசதியை மூளைக்குச் சொல்லி அனுப்புகிறதல்லவா, அந்தச் செய்தியைக் கொடுப்பவர் கழுத்திலேயே வழிமறித்து, எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஏந்துபவர் கழுத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரத்தம் குறைவது ஒரு உடம்பில், தலை சுற்றுவது இன்னொரு தலையில். அதனால்தான் மோர் விவகாரம். உப்புப் போட்ட மோரோ தண்ணீரோ ரத்தம் கொடுத்தவன் குடித்தால்தான் இழந்த நீர் திரும்பும், ஏந்துபவளுக்குத் தெளியும். அவள் குடம் குடமாகக் குடித்தாலும் வயிறுதான் நிறையும். ஆனால் அசதியே தெரியாதவனுக்குக் குடிக்க எங்கே ஞாபகம் வரும்? யாராவது ஃபோன் பண்ண வேண்டும்.

சட்டம் கறாரானது. ரத்த உறவோ மண உறவோ இல்லாதவர் ஏந்தக் கூடாது. எனவே குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே ஏந்திக்கொண்டன. அப்பாவின் புற்றுநோய் மருந்துக் குமட்டலைப் பிள்ளைகள் முறை வைத்து ஏந்தினார்கள். பள்ளிகளில் ஏந்து விடுப்பு வந்தது. எந்த மருத்துவரிடம் போனாலும், நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் முதல் கேள்வி ஒன்றுதான்: "சொந்தமா, ஏற்றதா?" ஏற்றது என்றால் வைத்தியம் வேறு ஒருவருக்கு, இவர் எழுந்து போகலாம். கூடுதலாக ஏந்தியது பெண்கள்தான் என்பதற்கு யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அது செய்தியாகவும் ஆகவில்லை.

சுகந்தியும் ஆடி மாதத்தில் ஒரு மருத்துவரிடம் போனாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றாள்.

"சொந்தமா, ஏற்றதா?"

"ஏற்றதுங்க. வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுக்கறாங்க."

"அப்ப அவரை நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க," என்று சிரித்து அனுப்பிவிட்டார் அவர்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள். யுவராஜ் கெட்டவன் இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். அவள் சோறு வடிக்கும்போது உட்கார்ந்துவிட்டால் ஓடிவந்து ஒரு சொம்பு மோரைக் கடகடவென்று குடிப்பான். குடித்துவிட்டு, "இப்ப எப்படி இருக்குது?" என்பான். அவளும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க," என்பாள். அவள் அம்மா ஃபோனில் அழுதால், "அது என்னோட அசதி இல்லம்மா, அவரோடது. எனக்கு ஒண்ணுமே இல்ல," என்று அவளே சமாதானம் சொல்வாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை கொஞ்சம் விட்டதும் மொட்டைமாடியில் துணி போடப் போன சுகந்தி, பாதிப் படியில் வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். வாளி மட்டும் தடதடவென்று கீழே வந்து சேர்ந்தது. யுவராஜ் பழக்கப்படி அடுப்படிக்கு ஓடினான், மோரைக் குடித்தான், வந்து பார்த்தான்.

"தெளிஞ்சுதா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள், இல்லை என்று.

இன்னொரு சொம்பு குடித்தான். பிறகு தண்ணீர். படியிலேயே மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டான். வயிறு உப்பி ஏப்பம் வந்ததே தவிர அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. அவள் உதடு சுவரின் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. இந்த வாரம் ரத்தமே எடுக்கவில்லையே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பட்டையில ஏதோ கோளாறு அம்மிணி. கழட்டிப் போட்டர்றேன், இரு," என்று பிடரிக்குக் கையைக் கொண்டுபோனான்.

அங்கே ஒன்றும் இல்லை.

மறுபடி தடவினான். வெறும் தோலும் வியர்வையும். காலருக்குள் பார்த்தான், முதுகுப் பக்கம் தடவினான். ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்து உள்ளறைக்கு ஓடினான்.

அவன் ஆடப் போகும்போது தூக்கிப் போகிற ஷட்டில் பை அலமாரிக்கு மேலே கிடந்தது. அதன் பக்கவாட்டு ஜிப்பில், பழைய பந்து ஒன்றின் இறகுகளுக்கு நடுவே, பட்டை சுருண்டு காய்ந்து கிடந்தது. கோடைப் போட்டியின்போது வியர்த்து அரித்ததென்று அவன்தான் உரித்துப் போட்டான். ஆட்டம் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான். ஆட்டத்தில் ஜெயித்தான், பரோட்டா சாப்பிடப் போனான், மறந்துபோனான். கோடைக்குப் பிறகு ஆடி போய், ஆவணி புரட்டாசி போய், இப்போது மழைக்காலம்.

அவளுடைய கழுத்தில் பட்டை இருந்தது, பத்திரமாக. எதையும் கொண்டுவராத பட்டையைத் தினமும் குளித்துத் துடைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் பியூலா அவளுடைய கண் ரப்பையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்கவே இல்லை. பரிசோதனை முடிவு வந்ததும் யுவராஜை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹீமோகுளோபின் பன்னண்டு இருக்க வேண்டிய எடத்துல நாலு கூட இல்ல. ரத்தமே இல்லாம நடமாடிட்டு இருந்திருக்காங்க. இதயம் எந்நேரமும் நின்னு போயிருக்கலாம்."

"எனக்குத்தாங்க டாக்டர் ரத்தம் எடுத்தாங்க," என்றான் அவன், திக்பிரமை பிடித்தவன் போல. "நான் நல்லாத்தான் இருந்தேன். பட்டை இல்லாமயே நல்லாத்தான் இருந்தேன்."

"உங்களுக்கு இரும்பு கொறஞ்சு, இப்பச் சின்னப் பையாத்தான எடுக்கறாங்க? உடம்பும் பழகிருச்சு. பக்கவிளைவு இல்லாமப் போய் ரொம்ப நாளாச்சு. இந்தம்மாவுக்கு வந்தது இவங்களோடதேதான்." சுகந்தியின் பக்கம் திரும்பினார். "மாசாமாசம் ரொம்பப் போகுதாம்மா?"

சுகந்தி மூச்சு வாங்கியபடி சொன்னாள். "வருசக்கணக்கா அப்படித்தானுங்க. அது எல்லாருக்கும் இருக்கறதுதானன்னு விட்டுட்டேன். அசதியும் அவரோடதுன்னு..."

கருப்பையில் கட்டி. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒருவனுடையதற்கு நிலையம், சாய்நாற்காலி, நர்ஸ், பிஸ்கட், மோர், ஃபோன் விசாரிப்பு எல்லாம் இருந்தன. மற்றவளுடையதைப் பற்றி இன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார். வேண்டாமென்று அவன் கொட்டிய பைகளை நினைத்தபோது யுவராஜுக்குத் தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

ரத்தம் பொருத்திப் பார்த்துக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். சுகந்தி படுக்கையில் கிடந்தாள். கண்ணைத் திறந்தால் கூரை சுழல்கிறது என்றாள். வாய் திறந்து மூச்சுக்கு அலைந்தாள். பக்கத்தில் இதயத்துடிப்புக் கருவி வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. யுவராஜால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சிஸ்டர், பட்டைய மாத்தி ஒட்டுங்க. அவளோடத நான் ஏந்தறேன். ரத்தம் வர வரைக்காவது."

நர்ஸ் ஷர்மிளா தயங்கினாள். ஆனால் மண உறவுதான், சட்டத்தில் இடமிருக்கிறது. புதுப் பட்டை ஒரு ஜோடியை எடுத்து, கொடுப்பதை அவளுக்கும் ஏந்துவதை அவனுக்கும் ஒட்டிவிட்டு, ரத்தம் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் விழவில்லை. மற்றபடி எல்லாம் விழுந்துவிட்டது. காதுக்குள் ஏதோ அரைத்தது. நெஞ்சு விலா எலும்பை முட்டி முட்டி அடித்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு அடிவரைக்கும் போகவில்லை. கையைத் தூக்க நினைத்தான், கை யாருடையதோ போலக் கிடந்தது. இதை வைத்துக்கொண்டா இவள் சோறு வடித்தாள்? இதை வைத்துக்கொண்டா பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்? "பரவால்லீங்க" என்று சொன்னது இதையா?

எதிரே சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"அடடா," என்றாள். குரல் தெளிந்திருந்தது. கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு சின்னப் பெண்ணின் சந்தோஷம் இருந்தது. "ஏனுங்க, எனக்கு இப்ப ஒண்ணுமே இல்லீங்க. எத்தன நாளாச்சு இப்படி இருந்து! இவங்க எதுக்கு ரத்தம் கித்தம்னு பயமுறுத்தறாங்க? வீட்டுக்குப் போலாம் வாங்க. மழை வந்தா மாடில துணி நனைஞ்சுரும்."

காலைக் கீழே தொங்கவிட்டுச் செருப்பைத் தேடினாள். துணி மாடிக்குப் போகவே இல்லை என்பதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. உதட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை, நகமெல்லாம் வெளுத்திருந்தது. அந்த உடம்போடு அவள் எழுந்து நின்றாள். கருவி கீச்சென்று அலறத் தொடங்கியது.

அலறலைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தது கருவியை அல்ல, அவனை.

"பாவம், உங்களுக்கு ரொம்ப முடியலீங்களா?" என்றாள் பரிவோடு. "இருங்க, கேண்டீன்ல மோர் இருக்குதான்னு பாத்துட்டு வர்றேன்."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவள் கதவை நோக்கி ஓரடி வைத்தாள், இன்னும் ஓரடி. இப்படித்தானே நான் படியில் துள்ளி இறங்கினேன் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் என் உடம்பில் ரத்தம் இருந்தது. இவள் கதவைத் தாண்ட மாட்டாள். விழுகிற வரைக்கும் அவளுக்கே தெரியாது. அவள் விழுந்து சாகும்போதுகூட வலி எனக்குத்தான் வரும்.

ஒரு கையை இன்னொரு கையால் தூக்கினான். பிடரிக்குக் கொண்டுபோனான். அவளுக்காக அவன் முதன்முதலாக ஏந்தியதை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையைப் பிய்த்து எறிந்தான்.

சுகந்தி கதவருகில் அப்படியே மடங்கினாள். அவன் தாவிப் பிடித்தான். இப்போது தாவ முடிந்தது, உடம்பு அத்தனை லேசாக இருந்தது. அந்த லேசைப் போல அருவருப்பான ஒன்றை அவன் அதற்கு முன் அறிந்ததில்லை. "சிஸ்டர்! டாக்டர்!" என்று அலறினான்.

டாக்டர் பியூலா ஓடிவந்தார், பின்னாலேயே ரத்தப் பையோடு ஷர்மிளா. தரையில் கிடந்தவளையும், அவளைத் தாங்கிக்கொண்டிருந்தவனையும், இரண்டு பேர் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"சொந்தமா, ஏற்றதா?"

யுவராஜ் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் சட்டையை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. அவள் கண்ணைத் திறந்திருந்தாள். மூச்சு கிடைக்கவில்லை, ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்ல நினைத்தாள்.

"என்னோடதுங்க," என்றாள் சுகந்தி.