நான்காம் அறையின் பூஜ்யம்

காலை பத்து மணிக்கு அந்தக் குளிர்கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் லாரிகள். உள்ளே ஈரச் சாக்கு நாற்றம், அதற்கும் அடியில் மூக்கை அரிக்கும் அம்மோனியா. மூன்று மாதத்துக்கு முன் இங்கே நான்காம் அறையில் அந்த வாயு கசிந்துதான் என் அண்ணன் செத்தான். கசிவைக் கண்காணிக்கும் புரோகிராமைத் திருத்த ஆள் தேவை என்றதும், நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கசிவு அளவு மீறினால் அறையில் இருக்கும் வாயு மீட்டர் தன் பதிவுக் கோப்பில் எண்ணுக்குப் பதில் ‘மிகை’ என்று எழுதும். அந்தக் கோப்பைப் படிக்கும் புரோகிராமுக்கு எண் மட்டும்தான் புரியும். புரியாத இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பூஜ்யம் என்றால் திரையில் பச்சை. அண்ணன் மூச்சுத் திணறிய இருபது நிமிடமும் பச்சைதான் எரிந்திருக்கிறது.

பூஜ்யம் போடும் கட்டளையை அழித்தேன். இனி படிக்க முடியாத வரி வந்தால் சைரன் அலறும். எந்த அறை, எத்தனையாவது வரி, என்ன எழுத்து என்று சிவப்பில் காட்டும்.

ஓட்டியதுமே அலறியது.

நான்காம் அறை. மிகை.

அந்த அறையின் மீட்டரைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது.

மேனேஜர் வந்தார். “என்னம்மா இது? சைரன் அடிச்சா வேலை நிக்குது. பழையபடி பூஜ்யமே போட்டுடு.”

“அப்படிப் போட்டுத்தான் சார் எங்கண்ணன் போனான்.”

“போனவன் போயிட்டான். இருக்கறவங்க பொழப்பைப் பாக்க வேணாமா?”

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். “மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

“அங்க ஒண்ணுமே இல்ல. நானே காட்டறேன் பாரு.” சாவியை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்குள் போனார்.

அவர் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சைரன் நின்றது.

திரையில் நான்காம் அறை பச்சையானது. பூஜ்யம். மீட்டரே இல்லை, பூஜ்யம் போட என் புரோகிராமிலும் இப்போது வழி இல்லை.

உள்ளே இருமல். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

அவ்வளவு ஆத்திரத்திலும் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தேன். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்து மூடினார்கள்.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் குளியலறைக் கதவுக்காகத் தினமும் அதனோடு மல்லுக்கட்டியவள் நான்.

“விடுண்ணா” என்றேன்.

“நீ விடு, குட்டி.”

தட்டும் சத்தம் குறைந்து, நின்றது. திரையில் பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.