‘தொடாதே!’ போர்டுக்குக் கீழே ஒரு பிணம்

வீல்...!

பல் டாக்டரம்மாவின் அலறலில் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

மேஜை மேல் மல்லாந்து கிடந்தது வாண்டு. வயிறு திறந்து, ஒயர்கள் குடல் போலச் சரிந்திருந்தன.

வாண்டு ஒரு ரோபோ. பழைய கிடங்கைப் பிடித்து, அறிவியலும் கணக்கும் பிரதானமான பள்ளிக்கூடம் தொடங்க மல்லுக்கட்டும் பெற்றோர்களின் ஒரே பெருமை! அனுமதி கேட்ட மனு ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. இன்று ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரியிடமும் கோட்டை விட்டால், கிடங்கு மறுபடி சிமெண்ட் மூட்டைகளுக்குத்தான்.

"ராத்தூக்கம் கெட்டு செஞ்சேங்க..." எலக்ட்ரீஷியன் அப்பா வாண்டுவின் தலையைத் தடவினார். பாவமாக இருந்தது.

போலீஸ் அப்பா களத்தில் குதித்தார். லத்தி இல்லாத குறையை ஒரு மர ஸ்கேல் தீர்த்து வைத்தது.

"யாரும் வெளிய போகக் கூடாது."

காலையில் வந்த கண்ணாடிக்கார அம்மாவும் மாட்டிக்கொண்டார். புதிதாகச் சேர வந்த பெற்றோர் என்று நினைத்து, வந்ததும் வராததுமாக அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வராந்தா பெருக்க விட்டிருந்தார் டாக்டரம்மா.

பிள்ளைகள் வேலையோ?

இல்லவே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பிள்ளைகள் இந்த வாசலையே தாண்டக் கூடாதாம். அதற்குத்தான் ஆளுயர ‘தொடாதே!’ போர்டாம்.

போலீஸ் அப்பா குனிந்தார். பிணத்தின் அருகே ஒரு கைக்குட்டை. அதில் திருகாணிகள், அளவு வாரியாக...

"பகையில செஞ்ச கொலை இல்ல. யாரோ ஆசையா செஞ்சிருக்காங்க. எல்லாரும் விரலைக் காட்டுங்க."

எலக்ட்ரீஷியன் விரல் கறுப்பு. அது தொழில். டாக்டரம்மா விரல் பளிச்.

கண்ணாடிக்கார அம்மா தானாகவே கையை நீட்டினார். நகமெல்லாம் கிரீஸ்!

"நான்தாங்க. பெருக்கிட்டே உள்ள வந்தேன். கை எப்படி மடங்குதுன்னு பாக்கணும் போல இருந்துச்சு. நான் படிச்ச ஸ்கூல்லயும் இதே போர்டுதான்... எதையும் தொட விட்டதே இல்ல."

டாக்டரம்மா கொதித்தார். "அதிகாரி வந்தா என்ன பதில் சொல்றது?"

"வந்துட்டேங்க. கொஞ்சம் சீக்கிரமாவே."

ஸ்கேல் கீழே விழுந்தது. டாக்டரம்மா துடைப்பத்தைப் பார்த்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அனுமதி உண்டு. அந்த போர்டைக் கழட்டிட்டு பிள்ளைங்களை உள்ள விடுங்க."

பிள்ளைகள் மொய்த்துக்கொள்ள, எலக்ட்ரீஷியனும் அதிகாரியும் சேர்ந்து வாண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அது எழுந்து கைகுலுக்கியது.

கைக்குட்டையில் ஒரே ஒரு திருகாணி மிச்சம்.

அதிகாரி முகம் வாடியது. "இதை எங்க விட்டேன்?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார்.

"அது நான் செஞ்சப்பவே மிச்சம்தாங்க மேடம்... சும்மா உள்ள போட்டு மூடியிருந்தேன்."