ஒருவர்தான் இறங்கலாம்

ஜானவியின் அப்பா வெங்கடேஸ்வரன் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். சாதாரணக் கப்பல் இல்லை. அவர்கள் குடியிருக்கும் வலியசாலைத் தெருவையே தூக்கி அதன் முதுகில் வைத்துவிடலாம். அது விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகிறது என்றதும் ஜானவி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டாள். அப்பாவைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

அம்மாவும் அவளும் துறைமுக வாசலில் காத்திருந்தபோது அப்பா போன் செய்தார்.

“ஜானு, சாயங்காலமே கப்பல் கிளம்பறது. கொஞ்ச நேரம் வந்து பார்த்துட்டுப் போறேன்.”

“கொஞ்ச நேரமா? நாளைக்குக் கிளம்பினா என்னப்பா?”

“பெரிய கப்பல்னா ஒரு கன்டெய்னர் பெட்டிக்கு ஆகற செலவு கம்மி கண்ணா. ஆனா சும்மா நின்னா நஷ்டமும் பெரிசு. ஆயிரக்கணக்கான பெட்டி இருக்கு, ஆளுங்க இருபது சொச்சம்தான். இன்ஜின் ரூமிலேர்ந்து ஒருத்தர்தான் இறங்கலாம். என்கூட வேலை பார்க்கற மஹேஷ் இன்ஜினைப் பார்த்துப்பான், நான் வரேன்.”

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கும் போன் வந்தது. அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“சாரமில்ல மஹேஷேட்டா, பரவால்ல” என்றாள் அவள், மலையாளமும் தமிழும் கலந்து. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அப்பா சொன்ன அதே மஹேஷ்! ஜானவி மெல்ல அருகில் போனாள். “அக்கா, பாப்பாவுக்கு எத்தனை மாசம்?”

“நாலு. பாப்பாவோட அச்சன் இதுவரை போட்டோல மட்டும்தான் கண்டது.”

குழந்தையின் உள்ளங்கால் ரோஜா நிறத்தில் இருந்தது. ஜானவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் போனை வாங்கி அப்பாவை அழைத்தாள்.

“அப்பா, மஹேஷ் மாமாவை அனுப்பு.”

“ஏம்மா?”

“நீ என்னைப் பார்த்திருக்கே. அவர் பாப்பாவைப் பார்த்ததே இல்லை.”

இன்ஜின் சத்தத்துக்கு மேலே அப்பா குரலை உயர்த்தினார்.

“நெஜமாத்தான் சொல்றியா?”

“உம்” என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும். அம்மா அவளை அணைத்துக்கொண்டாள்.

மஹேஷ் ஓட்டமாக ஓடி வந்தார். அவ்வளவு பெரிய இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறவர், குழந்தையைத் தூக்கத் தெரியாமல் விழித்தார்.

“தலைக்கு அடியில கை கொடுங்கோ மாமா!” என்றாள் ஜானவி.

குழந்தை கண் விழித்து அவரைப் பார்த்தது. புது முகமாயிற்றே! வீரிட்டு அழுதது. மஹேஷும் அழுதார், சிரித்துக்கொண்டே.

மாலையில் கப்பல் கிளம்பியது. ஒரு குன்று நகர்ந்து போவதைப்போல இருந்தது. கடற்கரையில் நின்ற ஜானவியின் கையில் போன் ஒலித்தது.

“மஹேஷ் இன்ஜினைப் பார்த்துக்கறேன்னு என்னை அஞ்சு நிமிஷம் மேல்தளத்துக்குத் துரத்திட்டான்! பின்பக்கம் பாரு, ஆரஞ்சுச் சட்டை. தெரியறதா?”

அடுக்கிய பெட்டிகளுக்குக் கீழே, எறும்பளவில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

“தெரியறதுப்பா!” என்று கடலைப் பார்த்துக் கத்தினாள் ஜானவி. போன் கையில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.