வீட்டுப் பங்கு

வெறும் தண்ணீருக்கு எண் வந்தது.

மீனில் பாதரசம் அளக்கும் அந்த மெஷினில், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு சொட்டு சுத்தத் தண்ணீரை ஓட்டிப் பூஜ்யம் பார்க்க வேண்டும். ஆறு வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, மீன் கம்பெனி முழுக்க அவளுக்கு ‘பூஜ்யக்கா’ என்றே பேர். இன்று சாயங்காலம் பூஜ்யம் வரவில்லை. கையுறையை மாற்றினாள், குப்பியைக் கழுவினாள். பக்கத்துக் குளிர் அறையின் உறுமல் சுவர் வழியாக மேஜைக்கு வந்து அவள் முழங்கையில் ஏறியது. அமில வாடைக்கு அடியில், ஐஸில் கிடந்த பெரிய மீனின் இரும்பு போன்ற வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

மாதிரி வைக்கும் விரல்நீளத் தட்டுக்கு அங்கே படகு என்று பேர். அடுத்த படகை எடுத்தபோது அதில் ஒரு முடி கிடந்தது. மெல்லியது, பழுப்பு நிறம். காலையில் மகள் பாப்பாவுக்குத் தலை வாரியது ஞாபகம் வந்தது. கோட்டின் கைமடிப்பில் பார்த்தால் இன்னும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஓட்டிய முந்தின படகிலும் ஒன்று விழுந்து எரிந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஊதிவிட்டுச் சிரித்திருப்பார்கள். ஆனால் நாலு வயதுக் குழந்தையின் ஒற்றை முடிக்கு மெஷின் எதற்கு எண் காட்ட வேண்டும்?

முடிகளை எடை போட்டு உள்ளே தள்ளினாள். மெஷின் சூடேறிச் சீறியது, நின்றது, மறுபடி சீறியது.

அறுபத்திரண்டு. முடியில் ஒன்றைத் தாண்டினாலே ஆபத்து.

தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஓட்டினாள். அரைக்கும் கீழே. அவள் மீனை வாயில் வைத்தே வருஷக்கணக்காகிறது.

கதவு திறந்தது. மேனேஜர்.

“ஏம்மா, கண்டெய்னர் நிக்குது. அந்தப் பெரிசை இன்னும் சேத்து அரைக்கலையா?”

சேர்த்து அரைப்பது. இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் அவளுக்குச் சம்பளம். கடலில் சின்னதைத் தின்று தின்று, ஊர்ப்பட்ட பாதரசத்தைத் தன் சதையில் சேர்த்துக்கொண்ட பெரிய மீனில் ஒரு துண்டு; ஒன்பது சின்ன மீனில் ஒன்பது துண்டு. ஒன்றாக அரைத்தால் ஒரே எண். பாஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதற்கு அவள் மூன்று வருடமாகக் கையெழுத்துப் போடுகிறாள்.

“சார், இது மீன் இல்ல. எம் பொண்ணு முடி.”

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

“மெஷின் கோளாறா இருக்கும். நாளைக்குப் பாப்போம். இப்ப இதுல கையெழுத்து போடு.”

நீட்டிய பேனாவைத் தட்டிவிட்டாள். அந்த மனுஷனின் வாயைத் திறந்து அந்தப் பெரிய மீனைத் தலையோடு திணிக்க வேண்டும் போலிருந்தது. கோட்டைக் கழற்றாமலே வெளியே ஓடினாள்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரே வரிசையில் தொழிலாளர் வீடுகள். ஓட ஓட, கடந்த சில மாதங்கள் ஒவ்வொன்றாக வந்து மார்பில் இடித்தன. பாப்பா வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். புதுச் செருப்பு என்றார்கள். நாக்கு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு என்றாள். பால் சூடு என்றார்கள். கூப்பிட்டால் சட்டென்று திரும்பவில்லை. கொழுப்பு என்று இவளே திட்டினாள்.

ஆனால் எப்படி? சனிக்கிழமைதோறும் தொழிலாளிகளுக்கு வீட்டுப் பங்கு உண்டு, பாஸான பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம். பேக்கிங்கில் வேலை செய்யும் கணவனிடம், சேர்த்து அரைக்க ஆரம்பித்த அன்றைக்கே அவள் சொல்லியிருந்தாள்: ‘சின்ன மீன் மட்டும் எடுங்க.’ ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கம். அக்கம்பக்கத்தார் எந்த மீனை எடுத்துப் போகிறார்கள் என்று அவள் கேட்டதும் இல்லை. தன் வீடு தப்பினால் போதும் என்றிருந்தாள்.

கதவைத் தள்ளினாள். எண்ணெயில் மீன் பொரிந்த வாசனை. அடுப்பு அணைந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

டிக். டிக் டிக். டிக்.

பாப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி. அது தட்டின் விளிம்பில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“என்ன மீனுங்க இது?”

“ஏன் இப்படி மூச்சு வாங்குற?” என்றான் கணவன். “பெரிய மீனுதான். நடுத்துண்டு. போன வருஷம் முள்ளு சிக்கி பாப்பா பட்ட பாடு தெரியாதா? அதிலேர்ந்து இதான் குடுக்கறேன்.”

“சின்னதுன்னு சொன்னேனே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“முள்ளுக்குத்தான் பயந்தேன். மத்தபடி என்ன? ஒவ்வொரு பெட்டியிலயும் உன் கையெழுத்தப் பாத்துட்டுத்தானே எடுக்கறேன்.”

தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். வெள்ளைச் சதை சுவரில் ஒட்டி வழிந்தது. கரண்டியும் தரையில் போய் விழுந்தது. பாப்பா அழவில்லை. வெறும் கை காற்றில் துடித்தது. வாய் திறந்தது. ‘அம்மா’ என்று சொல்லத்தான். வந்தது வெறும் குழறல்.

அவள் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். வீடு அமைதியானது.

டிக். டிக் டிக்.

கரண்டி தரையில் அசையாமல் கிடந்தது.

டிக்.

வெளியே. பக்கத்து வீடு. அதற்கடுத்த வீடு. அதற்கும் அப்பால்.

குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். வரிசை முழுக்கச் சமையலறை விளக்குகள். எல்லா ஜன்னலிலும் சாப்பாட்டு நேரம். எல்லாத் தட்டிலும் அந்தச் சத்தம், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், நிற்காமல்.

கத்த வாயெடுத்தாள். குரல் வரவில்லை.

பக்கத்து ஜன்னலில் ஒரு தாய், துடிக்கிற சின்னக் கையைத் தன் கையால் பொத்திப் பிடித்தாள். கரண்டியை மெதுவாக, ஒரு துளி சிந்தாமல், மகனின் வாய்க்குள் கொண்டுபோனாள்.