நடுத்திட்டுப் பெயர்ப் பட்டியல்

சாப்பிட்டுவிட்டு வந்து கங்காதரன் பூட்டைத் திறந்தபோது, புயல் காப்பகத்தின் தரை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகவில்லை, போன வருஷம்தான் கான்கிரீட் போட்டார்கள். ஜன்னல்கள் கொக்கி மாட்டியபடியே இருந்தன. ஏரிச் சேற்றின் வாடை மட்டும், யாரோ குடத்தில் கொண்டுவந்து கொட்டினதுபோல் மூக்கில் ஏறியது.

மணி மூன்றுதான். அதற்குள் வெளியே விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டியிருந்தது.

தாலுகா குமாஸ்தா கங்காதரன்தான் காப்பகத்துக்குப் பொறுப்பு. காலையில் எச்சரிக்கை வந்ததும், வழக்கம்போல ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் நடுத்திட்டு ஜனங்களின் போன வருஷப் பட்டியலைப் புது ரிஜிஸ்தரில் நகலெடுத்து, 'நடுத்திட்டு, நாற்பத்திரண்டு பேர், வந்து சேர்ந்தனர்' என்று முடித்து, தாசில்தாருக்குப் போனிலும் சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாகப் புயல் ஆந்திரா பக்கம்தானே போனது. படகுக்காரன் சடையன் வந்து கேட்டான்.

"சார், திட்டாண்ட போயி அதுங்கள இட்டாந்துடட்டா? இன்னும் தண்ணியில எறா தடவிக்கினு கீதுங்க."

"வேணாம்பா. எழுதியாச்சு. சாயங்காலம் பாத்துக்கலாம்."

மத்தியானமே காற்று திரும்பிவிட்டது. இனிப் படகை எடுக்க முடியாது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ம்ம்."

சுவரோரத்து இருட்டிலிருந்து வந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள், பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் தவழ்வார்கள். கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் இப்படித்தான் பதில் சொல்வார்கள்.

எப்படியோ வந்துவிட்டார்கள்! அவனுக்குக் கண் கலங்கியது. ரிஜிஸ்தரைத் திறந்தான்.

"எல்லம்மா?"

"ம்ம்."

"வாயில இருக்கறத எடுத்துட்டுப் பேசும்மா. இங்கதான் தண்ணி இல்லியே."

"ம்ம்."

"திருவேங்கடம்?"

"ம்ம்." இன்னும் கிட்டத்தில்.

"முத்தம்மாள்?"

"ம்ம்." காலடியில்.

முத்தம்மாள் தை மாசமே செத்துப்போனாள். பெயரை அடிக்க மறந்திருந்தான்.

நிறுத்த நினைத்தான். நாக்கு நிற்கவில்லை. அடுத்த பெயர். ம்ம். அடுத்தது. ம்ம். கணுக்காலில் தண்ணீர். முழங்காலில். நாற்பத்திரண்டாவது பெயர்.

ம்ம்.

போன் அடித்தது. தாசில்தார்.

"கங்காதரன், மோட்டார் லாஞ்சு ஒண்ணுதான்யா இருக்கு. நடுத்திட்டு ஜனங்க நிஜமாவே வந்தாச்சா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு, அங்க அனுப்பிடறேன்."

இல்லை சார். அனுப்புங்க சார். உயிரோடு யாராவது இருப்பார்கள். சொல்லிவிட வேண்டும். வேலை போனாலும் சரி.

வாய் திறக்கவில்லை.

பல்லுக்கிடையில் ஓலை. ஈர ஓலை. கன்னத்தில் இடித்துக்கொண்டு ஒரு பறி தொங்கியது. உள்ளே ஏதோ துள்ளியது.

"என்னய்யா, எல்லாரும் வந்தாச்சா?"

"ம்ம்," என்றான் கங்காதரன்.

"சரி, லாஞ்சை வேற ஊருக்கு அனுப்பறேன்."

போன் வைக்கப்பட்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. மேஜையைச் சுற்றி நாற்பத்திரண்டு தலைகள் மிதந்தன. ஒவ்வொரு வாயிலும் ஒரு பறி. எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.